பக்கத்து மனை போரும் சுவரில் வந்த விரிசலும்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கன்னங்குறிச்சியில், மூக்கனேரிக்குச் சற்றுத் தள்ளி வீடு கட்டிக் குடிபோய் ஆறு வருஷம் ஆகிறது. மனை வாங்கும்போதே ரெண்டடி செம்மண் கொட்டி மட்டம் செய்திருந்தார்கள். இந்த மாசியில் பக்கத்து மனைக்காரர் 1,100 அடிக்குப் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டார். சித்திரை முடிவதற்குள் உங்கள் கிழக்குச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் இறங்கிவிட்டது. ஜகார்த்தா நகரம் நிலத்தடி நீரை உறிஞ்சியே அமிழ்கிறது என்று படித்திருக்கிறீர்கள். சேலமும் அப்படி இறங்குகிறதா, ஏற்காட்டு மண்சரிவுக்கும் இதுதான் காரணமா, பக்கத்து வீட்டாரிடம் அந்தப் போரை நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் உண்மையில் கேட்பவை ரெண்டு. தண்ணீரை எடுத்தால் நிலம் இறங்குமா என்பது ஒன்று. இறங்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த நிலம் என்பதைப் பொறுத்தது அது. என் வீட்டுச் சுவர் அதனால்தான் வெடித்ததா என்பது மற்றது. அதற்குப் பெரும்பாலும் இல்லை என்பது என் பதில். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் படித்தது நிலவியல். முப்பது வருஷத்துக்கு மேல் சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கம் கிணறுகளிலும் போர்களிலும் நாடா இறக்கி நீர்மட்டம் அளந்ததும், போர் போட இடம் பார்த்துச் சொன்னதும்தான் என் பிழைப்பு. கட்டடப் பொறியாளன் இல்லை. ஆகவே உங்கள் சுவர் தாங்குமா தாங்காதா என்று நான் சொல்லக் கூடாது. மண்ணுக்கும் பாறைக்கும் கீழே என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மண்ணுக்கு அடியில் இருக்கும் சுமையை இருவர் தாங்குகிறார்கள். மண் துகள்கள் ஒருவர், துகள்களுக்கு நடுவே நிரம்பி நிற்கும் தண்ணீர் இன்னொருவர். தண்ணீரை எடுத்துவிட்டால் அதன் பங்குச் சுமையும் துகள்கள் தலையில் விழுகிறது. நூறு வருஷத்துக்கு முன்பே, 1920களில், கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர் இதைக் கணக்காக்கிக் காட்டிவிட்டார். அந்தச் சுமையை வாங்கிக்கொண்டு துகள்கள் என்ன செய்யும் என்பது மண்ணின் குணம். மணல் கொஞ்சம் அமுங்கும், தண்ணீர் திரும்ப வந்தால் பெருமளவு பழையபடி நிமிரும். களிமண் அப்படி இல்லை. அதன் துகள்கள் மெல்லிய தகடுகள், தாறுமாறாகக் கிடப்பவை, நடுவே நிறையத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பவை. தண்ணீர் போனதும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். இலவம்பஞ்சு மெத்தை பல வருஷம் படுத்துப் படுத்துத் தட்டையாகிப் போகிறதே, அந்த மாதிரி. மெத்தையைப் பிரித்துப் பஞ்சை அடித்துப் போடலாம். நூறு மீட்டர் ஆழத்தில் இருக்கும் களிமண்ணை யார் அடித்துப் போடுவது? மழை வந்தாலும் அது திரும்ப எழும்பாது. தண்ணீர் தங்க இருந்த இடமே இல்லாமல் போய்விடுகிறது.

செய்தியில் வரும் ஊர்கள் எல்லாம் இப்படிப்பட்ட மண்ணின் மேல் உட்கார்ந்தவை. மெக்சிகோ நகரம் ஒரு பழைய ஏரிப் படுகையில் இருக்கிறது. அந்தக் களிமண்ணின் கொள்ளளவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அங்கே 1910இல் சுதந்திரத் தூண் ஒன்று எழுப்பினார்கள். அடித்தளம் ஆழமாகப் போனதால் தூண் நின்ற இடத்தில் நின்றது, சுற்றியிருந்த தெருக்கள் இறங்கின. தூணுக்கு ஏறிப் போக முதலில் கட்டிய படிகள் போதாமல் பிறகு 14 படிகள் கூடுதலாகக் கட்ட வேண்டி வந்தது. நிலம் இறங்குவது என்றால் என்ன என்று மாணவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தால் நான் அந்தப் படிகளைத்தான் சொல்வேன். கலிபோர்னியாவின் சான் ஹோக்கின் பள்ளத்தாக்கில், விவசாயத்துக்கு இறைத்த தண்ணீரால், 1925க்கும் 1977க்கும் நடுவே ஓரிடத்தில் தரை சுமார் 9 மீட்டர் இறங்கியது. ஜோசப் போலண்ட் என்ற நிலவியலாளர் அங்கே ஒரு மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கும் படம் பிரபலம். 1925இல் தரை எங்கே இருந்தது என்று காட்டும் பலகை அவர் தலைக்கு மேல் எங்கோ உயரத்தில் இருக்கும். வட ஜகார்த்தாவில் சில இடங்கள் 1970களிலிருந்து 4 மீட்டர் வரை இறங்கியிருக்கின்றன. நம் நாட்டிலேயே, டெல்லி விமான நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் காபசேராவில் 2014–16இல் வருஷத்துக்குச் சுமார் 11 செ.மீ., அடுத்து வந்த வருஷங்களில் 17 செ.மீ. என்ற கணக்கில் தரை இறங்கியதை ரேடார் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கண்டுபிடித்தார்கள். அதுவும் யமுனைச் சமவெளியின் வண்டல் மண்.

சரி, சேலத்துக்கு வருவோம். நம் ஊர் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. வடக்கே சேர்வராயன் மலை, நாகரமலை, தெற்கே ஜருகுமலை, தென்மேற்கே கஞ்சமலை. கிண்ணத்தின் அடியும் பாறை, விளிம்பும் பாறை. மலையில் சார்னோகைட் என்ற கருங்கல் வகை, அடிவாரத்தில் வரிவரியான நைஸ் பாறை, ஊருக்கு வடமேற்கே வெள்ளைக்கல் என்று நாம் சொல்லும் மாக்னசைட். சார்னோகைட்டும் நைஸும் இருநூறு கோடி வருஷத்துக்கு மேற்பட்ட பாறைகள். இவற்றின் மேல் கொஞ்சம் மண், அதற்குக் கீழே பாதி மண்ணும் பாதி கல்லுமாக மக்கிய பாறை. ரெண்டும் சேர்த்துச் சில இடத்தில் 20 அடி, சில இடத்தில் 80, 100 அடி. அதற்குக் கீழே கருங்கல்தான். அந்தக் கருங்கல்லுக்குள் தண்ணீர் நிற்பது வெடிப்புகளில் மட்டும்.

போர் போடும்போது கூட நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு தோட்டத்தில் நான் இடம் பார்த்துக் கொடுத்த போர் ஒன்று நினைவுக்கு வருகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி. மேல்மண் சரியாமல் தடுக்கும் கேசிங் பைப்பை 45 அடிக்கு இறக்கினார்கள். அதற்கப்புறம் 400 அடி வரைக்கும் வெறும் புகை. மாவு மாதிரி சாம்பல் நிறத் தூள் எழும்பி, பக்கத்தில் இருந்த மரவள்ளிச் செடியெல்லாம் வெளுத்துப் போனது. தோட்டக்காரர் அடிக்கொரு தரம் ரூபாயைக் கணக்குப் போட்டபடி வரப்பில் உட்கார்ந்திருந்தார். 610 அடியில் ராடு சட்டென்று ஒரு சாண் நழுவியது. “கேப் சார்!” என்று ஓட்டுநர் கத்தினார். புகை நின்று ஈரச் சேறு வந்தது, பிறகு தண்ணீர். அதே நேரத்தில் 200 அடி தள்ளி இருந்த பழைய போரின் வாயிலிருந்து காற்றும் தண்ணீரும் குபுகுபுவென்று பொங்கின. கம்ப்ரசர் ஊதிய காற்று வெடிப்பு வழியாகப் போய் அங்கே எட்டிப் பார்த்திருக்கிறது. 600 அடிக் கருங்கல்லில் தண்ணீர் இருந்தது அந்த ஒரு சாண் இடைவெளியில். மற்றதெல்லாம் கல்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த வெடிப்பில் இருந்த தண்ணீரை இறைத்துவிட்டால் மேலே இருக்கும் பாறை கீழே உட்காருமா? விரிசல் விட்ட ஆட்டுக்கல்லில் ஊறிய தண்ணீர் வடிந்துவிட்டால் ஆட்டுக்கல் சின்னதாகிவிடாது. வெடிப்பின் ரெண்டு பக்கமும் கல்லும் கல்லும் பல இடங்களில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. சுமையைத் தாங்குவது அந்தத் தொடுகைகள்தான், தண்ணீர் அதில் தாங்கும் பங்கு குறைவு. எண்ணில் சொன்னால், 30 மீட்டர் தடிமனுள்ள இளங்களியில் நீர்மட்டம் 30 மீட்டர் குறைந்தால் தரை ஒரு மீட்டர் அளவுக்கு இறங்கலாம். 300 மீட்டர் ஆழக் கருங்கல்லில் நீர்மட்டம் 200 மீட்டர் குறைந்தாலும், வழக்கமான பாறைக் கணக்குப்படி, மில்லிமீட்டர்களில் தொடங்கிச் சில சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். சேலம் ஜகார்த்தா ஆகாது என்று நான் உறுதியாகச் சொல்வது இதை வைத்துத்தான்.

அந்தச் ‘சில சென்டிமீட்டரை’ நான் ஒதுக்கிவிடவில்லை. கருங்கல் கொஞ்சமும் இறங்காது என்றுதான் நாங்கள் படித்த காலத்தில் எல்லோரும் நினைத்திருந்தோம். சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் நெடுஞ்சாலைச் சுரங்கம் அந்த நினைப்பைத் திருத்தியது. 1980இல் திறந்த சுரங்கம் அது, பெரும்பாலும் கிரானைட்டும் நைஸும். அதற்கு மேலே மலையில் போகும் பழைய கணவாய்ச் சாலையை 1990களின் கடைசியில் மட்டம் அளந்தபோது 12 செ.மீ. வரை இறங்கியிருந்தது தெரிந்தது. சுரங்கத்துக்குள் வடிந்த தண்ணீரால் பாறை வெடிப்புகள் மெல்ல மூடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அது பல நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு மலையையே இரவும் பகலும் வடிய விட்ட கதை. உங்கள் பக்கத்து மனையில் இருப்பது ஆறரை இஞ்சு ஓட்டை, அதில் ஒரு நாளைக்குச் சில மணி நேரம் ஓடும் மோட்டார். நமக்குச் சொந்தக்காரப் பாறையில் உட்கார்ந்திருக்கும் பெங்களூருவைப் பாருங்கள். அங்கேயும் ஆயிரம் அடிப் போர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஐந்து பெருநகரங்களைச் செயற்கைக்கோள் வழியாக அளந்து 2025இல் வந்த ஆய்வில் டெல்லியின் மோசமான இடங்கள் வருஷத்துக்கு 5 செ.மீ. அளவில் இறங்கின, பெங்களூருவில் அதிகபட்சமே ஒரு சென்டிமீட்டருக்குள்தான்.

இன்னொரு கணக்கும் பாருங்கள், உங்கள் சுவருக்கு இதுதான் நேரடியாகப் பொருந்தும். நிலம் எவ்வளவு இறங்கியது என்பதைப் பார்த்துச் சுவர் வெடிப்பதில்லை. ஒரு முனை இறங்கி மறுமுனை இறங்காமல் நிற்கும்போதுதான் வெடிக்கிறது. பொறியாளர்கள் வைத்திருக்கும் பழைய அளவுகோல் முந்நூற்றில் ஒன்று. அதாவது பத்து மீட்டர் நீளச் சுவரில் ரெண்டு முனைக்கும் 3 செ.மீ. அளவுக்கு வித்தியாசம் வந்தால் விரிசல் தொடங்கும். ஆழப் பாறையில் நீர்மட்டம் குறைவதால் 6 செ.மீ. இறக்கம் என்றே வைத்துக்கொள்வோம். அது ஒரு வீட்டுக்கு அடியில் மட்டும் நடக்காது, ரெண்டு கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவி நடக்கும். உங்கள் பத்து மீட்டர் சுவருக்கு வரும் பங்கு மில்லிமீட்டரில் மூன்றில் ஒன்று. ஊரோடு சேர்ந்து வீடும் இறங்கும், சுவரில் ஒரு கீறல் விழாது. ஜன்னல் மூலையில் சாய்வாக ஓடும் விரிசல், வீட்டின் ஒரு மூலைக்கு அடியில் மட்டும் ஏதோ நடந்திருக்கிறது என்கிறது. அது நடந்தது ஆயிரம் அடியில் இல்லை. மேலே இருக்கும் இருபது முப்பது அடிக்குள்தான்.

அங்கே என்ன நடந்திருக்கும்? உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ரெண்டு விஷயங்கள் என்னை நிறுத்தின. ஒன்று, ஏரிக்குப் பக்கத்து மனை, மேலே கொட்டிய செம்மண். அந்தச் செம்மண்ணுக்குக் கீழே ஏரிக் களி இருக்க வாய்ப்பு அதிகம், சாம்பல் நிறத்தில், ஈரத்தில் வழுக்கி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் களி. கோடையில் வற்றிய ஏரிக்குள் நடந்து பார்த்திருப்பீர்கள், கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். உங்கள் கடைக்காலுக்கு அடியிலும் அதே மண் அதே வேலையைத்தான் செய்யும். வீட்டு நடுவில் வெயில் படாததால் ஈரம் நிற்கும், ஓரங்களில் காயும். ஓரத்தில் வேம்போ அரசோ புங்கனோ இருந்தால் அதன் வேர் அந்தப் பக்க ஈரத்தை முதலில் குடித்துவிடும். மூலை இறங்கும், விரிசல் ஜன்னலைத் தேடி வரும், ஏனென்றால் சுவரில் பலம் குறைந்த இடம் அதுதான். இரண்டாவது, காலம். போர் போட்டது மாசியில், விரிசல் வந்தது சித்திரைக்குள். எங்கள் தொழிலில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். மேல்மட்டத் தண்ணீர் வற்றும் கோடையில்தான் எல்லோரும் போர் போடுகிறார்கள். அதே கோடையில்தான் களி சுருங்குகிறது. போரும் விரிசலும் ஒரே வறட்சிக்குப் பிறந்த ரெண்டு பிள்ளைகள். ஒன்று முன்னால் பிறந்ததால் அது மற்றதைப் பெற்றது என்று ஆகாது. 2016இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்த பிறகு 2017 கோடையில், பக்கத்தில் எந்தப் போரும் போடாத வீடுகளிலிருந்தும் இதே மாதிரி விரிசலைக் காட்டி என்னை அழைத்தார்கள்.

ஆனாலும் ‘பெரும்பாலும்’ என்று சொன்னேன் அல்லவா. ஒரு போர் பக்கத்து வீட்டைத் தொந்தரவு செய்யும் வழிகள் இருக்கின்றன. கேசிங் பைப் கெட்டியான பாறையில் போய் உட்கார வேண்டும். செலவைக் குறைக்க மக்கிய பாறையிலேயே நிறுத்திவிட்டால், பைப்பின் அடி வழியாக மண்ணும் மணலும் போருக்குள் நழுவும். மோட்டார் ஓடும்போது கலங்கல் வரும். ஒரு வாரம் கலங்கல் வருவது இயல்பு. மாதக்கணக்கில் செம்மண் தண்ணீர் வந்தால் பைப்பைச் சுற்றிக் கீழே பொந்து விழுகிறது என்று பொருள். பைப்புக்கு வெளியே உள்ள இடைவெளியைச் சிமெண்டால் அடைக்காமல் விட்டிருந்தால் மழைநீர் அதன் வழியே இறங்கி அதே பொந்தைப் பெரிதாக்கும். இது உங்கள் கடைக்காலிலிருந்து பத்துப் பதினைந்து அடிக்குள் நடந்தால் மூலை இறங்கலாம். ஆகவே பக்கத்து வீட்டாரிடம் சண்டைக்குப் போகாமல் மூன்று விஷயம் கேளுங்கள்: கேசிங் எத்தனை அடி, இன்னும் கலங்கல் வருகிறதா, பைப்பைச் சுற்றித் தரையில் பள்ளம் தெரிகிறதா. மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் அந்தப் போரை மறந்துவிடுங்கள். ரிக் வண்டியின் அதிர்வு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சுத்தியல் பாறையில் அடிக்கும்போது அதிர்வு இருக்கும்தான், ஆனால் தூரம் போகப் போகச் சட்டென்று தணிந்துவிடும். பூச்சுக்குள் மறைந்திருந்த மயிரிழை விரிசலை அது வெளியே காட்டலாம். மாதக்கணக்கில் வளரும் விரிசலை அது உண்டாக்காது.

இன்னொரு காரணம் உண்டு. சேலத்தில் பழைய பகுதிகளில் நான் அதிகம் கண்டது அதைத்தான். குகை என்ற பகுதியில் ஒரு நெசவாளர் வீடு. ஓர் அறையின் மூலை மட்டும் வருஷம் ஒரு விரல்கடை இறங்கிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டுப் போர்தான் காரணம் என்று ரெண்டு குடும்பமும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். சிவப்பு ஆக்சைடு போட்ட தரை. அந்த வீட்டுப் பாட்டியின் கைத்தடியை வாங்கி, தறிக்குழி ஓரத்திலிருந்து அடிக்கு ஓரிடமாகத் தட்டிக்கொண்டே போனேன். நடு அறையில் கட்டையான சத்தம். மூலைக்கு நாலடி இருக்கும்போது சத்தம் மாறியது, காலிப் பானையைத் தட்டுவது போல. பாட்டி தூக்கத்திலிருந்து விழித்தவர் மாதிரி, “அங்க சேந்துகிணறு இருந்துச்சுங்க, எங்க மாமனார் காலத்துல குப்பையும் ஓட்டாஞ்சல்லியும் கொட்டி மூடிட்டாங்க” என்றார். குப்பை மக்கிக்கொண்டே வந்தது. தெருச் சாக்கடை ஒழுகி அதில் இறங்கி மிச்சத்தையும் கரைத்தது. எதிர் வீட்டுப் போருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்கள் மனை முன்பு தோட்டமாக இருந்ததா, அதில் கிணறு இருந்ததா என்று அந்தப் பக்கத்து வயதானவர்களிடம் விசாரியுங்கள். மனை பிரித்து விற்றவர்கள் இதை எழுதி வைப்பதில்லை. செப்டிக் டேங்க், குளியலறைக் குழாய் ஆகியவற்றில் ஒழுக்கு இருக்கிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

ஏற்காட்டு மண்சரிவு பற்றிய கேள்விக்கு விடை நேர் எதிர்ப்பக்கம் இருக்கிறது. மேலே சொன்ன டெர்சாகி கணக்கையே திருப்பிப் போடுங்கள். தண்ணீரை எடுத்தால் துகள்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும். தண்ணீர் நிரம்பினால் பிடி தளரும். மலைச்சரிவில் ஆபத்து தண்ணீர் குறைவதால் வருவதில்லை, நிரம்புவதால் வருகிறது. சேர்வராயன் மலையின் உச்சியில் செம்புறைக்கல்லும் பாக்சைட்டும் தொப்பி போட்டது போல் கிடக்கின்றன, அதற்குக் கீழே பாறை ஆழமாக மக்கியிருக்கிறது. அடைமழையில் அந்த மக்கிய மண் ஊறிக் கனத்து, கீழே உள்ள வழுக்குப் பாறையில் நழுவுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது இப்படித்தான். 20 கொண்டை ஊசி வளைவுகளுக்காகச் சரிவை வெட்டியதும், மலைமேல் கட்டடம் கட்ட மண்ணைச் சீவியதும், ஓடை போகும் வழியை மறித்ததும் அதைத் தூண்டிவிடும். போர்கள் அங்கே வேறொன்றைச் செய்கின்றன. மலையின் ஊற்றுகள் சுருங்குகின்றன, அவற்றிலிருந்து கீழே திருமணிமுத்தாற்றுக்கு வர வேண்டிய கோடைக் கசிவு நின்றுபோகிறது. அது பெரிய இழப்பு. ஆனால் அது சரிவு இல்லை.

சேலத்தில் தரை இறங்குகிறதா இல்லையா என்று நேராக அளக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். ஒரே இடத்தை ரேடார் செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை கடந்து போகும்போது எடுக்கும் படங்களை ஒப்பிட்டால் மில்லிமீட்டர் அளவு அசைவுகூடத் தெரியும். 2014இல் ஏவிய ஐரோப்பிய சென்டினல்-1 படங்கள் யாருக்கும் இலவசம். டவுன், அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு மாதிரி கான்கிரீட் நிறைந்த இடங்களில் அது நன்றாக வேலை செய்யும். காப்பித் தோட்டமும் சில்வர் ஓக்கும் மூடிய ஏற்காட்டில் அதன் குறுகிய அலை இலைகளிலேயே சிதறிப்போகும். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் செயற்கைக்கோளில் நீண்ட அலை ரேடார் இருக்கிறது, அது இலைகளைத் தாண்டித் தரையைத் தொடும். நம் ஊர்ப் பொறியியல் மாணவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் சேர்வராயன் மலையை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தப் படங்கள் நான் மேலே சொன்னதைப் பொய்யாக்கினால் அதை முதலில் ஏற்றுக்கொள்பவன் நானாகத்தான் இருப்பேன்.

நிலம் இறங்காது என்று நான் சொன்னதை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் இறைக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் பாறை இறங்காததற்கும் அதில் தண்ணீர் குறைவாக இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான், அதற்குள் காலி இடமே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது வாழப்பாடிப் பக்கம் ஐம்பது அறுபது அடிக் கிணறுகளில் மாடு கட்டிக் கவலைச் சால் இறைத்த தடம் கல்லில் தேய்ந்து இருந்தது. அந்தக் கிணறுகள் குடித்தது மக்கிய பாறையின் தண்ணீரை. அது வற்றியதும் கிணற்றுக்குள் பக்கவாட்டில் துளைக்கும் சைடு போர், அப்புறம் 300 அடி, அப்புறம் 600, இப்போது 1,100. ஆழம் போகப் போக வெடிப்புகள் குறைகின்றன. மாவட்டத்தின் பல பகுதிகள் மழை தருவதைவிட அதிகம் எடுக்கும் பட்டியலில்தான் இருக்கின்றன. ஒரே ஒரு நல்ல விஷயம், மெக்சிகோவின் களி போல நம் பாத்திரம் நசுங்கிப் போகவில்லை. 2005இல் நல்ல மழை பெய்தபோது பல வருஷம் வறண்டு கிடந்த கிணறுகள் கைக்கெட்டும் தூரத்துக்கு நிறைந்ததை என் நாடாவால் அளந்து எழுதியிருக்கிறேன். அளந்துவிட்டு அந்தத் தண்ணீரில் கை கழுவினேன்.

இனி உங்கள் சுவர். விரிசலை உடனே பூசி மறைக்காதீர்கள், அது உங்களிடம் பேச வேண்டும். ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை, ஆய்வகத்தில் பயன்படுத்தும் சிலைடு இருந்தால் நல்லது, விரிசலுக்குக் குறுக்காக வைத்து ரெண்டு முனையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டி, தேதியைப் பக்கத்தில் எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் ஒவ்வொரு புள்ளி வைத்து, ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதியன்று நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுதி வாருங்கள். அதே நாளில் உங்கள் போரின் நீர்மட்டத்தையும், அந்த மாதம் மழை பெய்ததா என்பதையும் எழுதுங்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மூலை இறங்குகிறது என்று பொறியாளருக்கு அது சொல்லும். விரிசலுக்குள் ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அளவு வந்துவிட்டாலோ, கதவு சட்டத்தில் இறுக ஆரம்பித்தாலோ, தளத்திலும் விரிசல் தெரிந்தாலோ மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் கட்டடப் பொறியாளர் ஒருவரை நேரில் அழைத்துவிடுங்கள். அந்த மூலையில் கடைக்காலை ஒட்டி ஆறடிக்கு ஒரு குழி தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை அடியில் செம்மண் முடிந்து சாம்பல் களி தொடங்குகிறது என்பது அதில் தெரிந்துவிடும். அந்தக் களியில் ஒரு உருண்டை பிடித்து வெயிலில் மூன்று நாள் காய வைத்து, சுருங்கி வெடிக்கிறதா என்று பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம் விரிசல் தானாகக் குறுகினால் அது களியின் வேலை. மழைக்கு அப்புறமும் அதே வேகத்தில் விரிந்துகொண்டே போனால் கீழே மூடிய கிணறோ, ஒழுகும் குழாயோ, மண் நழுவும் போரோ இருக்கிறது. அப்போது உங்கள் நோட்டையும், பக்கத்து வீட்டார் சொல்லும் கேசிங் அளவையும் இங்கே எழுதுங்கள், மறுபடி பார்த்துச் சொல்கிறேன்.